எஸ்தோனியக் கறுப்புப் பியரைப் பலெர்மோவில் விற்றது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல பியரை எப்படி இனங்காண்பது என்றுதான். நாக்கு சில மாதங்களில் தானாகப் பழகிவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொல்வேன். பழகுவதற்கு அரிய காரியம் வேறொன்று. எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பேச்சை உடனே சொல்லி முடிக்கும்படி நெருக்கும்போது, வாயைத் திறக்காமல் ஒரு கணம் நிற்பது. பியர் இறக்குமதி செய்யும் களஞ்சியத்தில் வேலைபார்த்த இத்தனை வருடங்களில் எனக்குப் பெருமை தருகிற நாள் எது என்று கேட்டால், நான் அப்படி நின்ற ஒரு நாளைத்தான் சொல்வேன். அன்று நாங்கள் ஒரு பெரிய ஓடரை இழந்தோம். விற்ற நாட்களைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்வார்கள். இதை நான்தான் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து இத்தாலியின் தெற்கே உள்ள பலெர்மோ நகரத்துக்கு வந்தேன். என் கணவர் எனக்கு முன்பே வந்து, வசதியானவர்கள் குடியிருக்கும் லிபெர்த்தாத் தெருவில் ஒரு மாடிக்கட்டடத்தின் வாசலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அதே கட்டடத்தில் குடியிருந்த ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் கணவரை இழந்தவர். கணவர் விட்டுச்சென்ற பியர்க் களஞ்சியம் ஒரேத்தோப் பக்கத்தில் இருந்தது. ஜெர்மன் பியரும் இத்தாலியப் பியரும் அங்கிருந்து நகரத்துக் கடைகளுக்குப் போகும். வியாபாரம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலம்தான் பிடிபடவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளிலிருந்து வரும் ஃபாக்ஸ்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, அகராதியோடு சண்டை பிடிப்பார். நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள். ஒருநாள் கோப்பி கொண்டுபோய் வைக்கும்போது ஒன்றை வாசித்து என் அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அடுத்த கிழமையே, "வீடு துடைக்க வேறை ஆளைப் பிடிப்பன். நீ என்னோடை களஞ்சியத்துக்கு வா, றெஜினா," என்றார்.

என் கணவர் உடனே சரி என்று சொல்லவில்லை.

"பியர்க்கடைக்கோ போகப்போறீர்?"

"கடைக்கு இல்லை. கந்தோரிலை எழுத்து வேலைக்கு."

"கோயிலிலை சனம் கதைக்கும்."

"கதைக்கிற சனம் எனக்கு இந்த நாட்டிலை இருக்கிறதுக்குப் பெர்மெசோ எடுத்துத் தருமே? சிஞ்ஞோரா வேலை ஒப்பந்தம் எழுதித் தாறன் எண்டு சொல்லுறா."

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சனம் கதைத்தது என்னவோ உண்மைதான்.

சில வருடங்கள் கழிந்து, ஒரு வசந்தகாலத்தில், வியாபாரக் கண்காட்சி ஒன்றில் எங்கள் சாவடியின் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம். கையில் இருந்த பயணப்பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே உடுப்பு இல்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிய போத்தல்கள். எஸ்தோனியாவில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிற ஒரு பியர் ஆலையிலிருந்து வந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய பெயரையும் ஆலையின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. வடநாட்டுப் பியர்த் தொழிலில் அவளை அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தன்னைப் பற்றி அச்சில் வருவதை அவள் விரும்பமாட்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதையும் மற்றவர்கள் இத்தாலியனில் சொன்னதையும் இங்கே என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவள் கொண்டுவந்ததில் மஞ்சள் பியரும் இருந்தது, கறுப்பும் இருந்தது. மஞ்சளைச் சிஞ்ஞோரா ஒரு வாய் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அதுபோல ஜெர்மனியிலிருந்து எங்களிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. கறுப்பின் பெயர் போர்ட்டர். வறுத்த தானியத்தில் காய்ச்சிப் பல மாதங்கள் நிலவறையில் கிடக்கவிடும் கனத்த பியர். சிஞ்ஞோரா மற்ற எல்லாவற்றையும்போல அதையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்துக் குடித்தார். முகம் சுழித்தது.

அந்தப் பெண் ஒன்றும் வாதாடவில்லை. இன்னொரு போத்தலைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒன்றைச் சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தாள். "இதைக் கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு என்னோடை கொஞ்சம் கதையுங்கோ. பிறகு குடியுங்கோ," என்றாள். பலெர்மோவைப் பற்றி, வெயிலைப் பற்றி, சிஞ்ஞோராவின் கணவரைப் பற்றிக் கேட்டாள். நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கையின் சூடு கண்ணாடியில் ஏறியபின் சிஞ்ஞோரா மறுபடியும் குடித்தார். கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

அன்று அவளிடம் கற்றது என்னோடு கடைசிவரை இருந்தது. வாங்க வந்தவர் முகம் சுழித்தால் சரக்கைக் குறைசொல்லாதீர்கள், அவரையும் குறைசொல்லாதீர்கள். இரண்டும் சந்தித்த விதம் பிழையாக இருக்கலாம்.

சிஞ்ஞோரா போர்ட்டரை எடுக்கத் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையோரத்திலும் நகரத்திலும் பல பியர்க் கடைகள் வைத்திருந்த ஒருவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். எல்லோரும் அவரைக் கவலியேரே என்று மரியாதைப் பெயரால்தான் அழைப்பார்கள். அவரும் அதே கண்காட்சியில் போர்ட்டரைக் குடித்துப் பார்த்து, "வரட்டும். முழுக்க நான் எடுக்கிறன். பிடிச்சால் ஒவ்வொரு வருசமும் எடுக்கிறன்," என்று வாய்ச்சொல் தந்தார். அந்த வாய்ச்சொல்லை நம்பி ஒரு கப்பல் கொண்டெயினர் நிறைய வரவழைத்தோம். இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில் அது வந்து சேர்ந்தது. பெட்டிகளை இறக்கும்போது கூட நிற்க அவளும் வந்தாள்.

கவலியேரே களஞ்சியத்துக்கு வந்தது ஒரு சுருட்டிய போஸ்டரோடு. மேசையில் விரித்துக் காட்டினார். பனி, ஒரு கரடி, வெங்காயம்போலக் கவிழ்ந்த கோபுரங்கள். மேலே பெரிய எழுத்தில், 'ரஷ்யச் சக்கரவர்த்தியின் கறுப்புப் பியர்'.

"எஸ்தோனியா எண்டால் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். "ரஷ்யா எண்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போத்தலிலையும் இதையே ஒட்டுவம். இது பொய்யும் இல்லை. அந்த நாளிலை இந்தப் பியர் சார் சக்கரவர்த்தியின்ரை தலைநகரத்துக்குப் போனதுதானே?"

போனதுதான். அதை அந்தப் பெண்ணே கண்காட்சியில் அவருக்குச் சொல்லியிருந்தாள். அதனால்தான் அவளால் உடனே மறுக்க முடியவில்லை. சிஞ்ஞோரா போஸ்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அழகாய்த்தான் இருக்கு," என்றார். அடுத்த நாள் பின்னேரம் கவலியேரே தன் கடைகளை நடத்துகிறவர்கள் எல்லோரையும் கூட்டி, பியரைச் சுவைக்கவைத்து அறிமுகப்படுத்தப்போகிறார். அவள் பேசவேண்டும். நான் மொழிபெயர்க்கவேண்டும்.

கவலியேரே போனபிறகு நானும் அவளும் களஞ்சியத்தின் பின்பக்கம் போய்ப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து அரன்சீனா சாப்பிட்டோம். சோற்றை உருட்டிப் பொரித்த அந்த உருண்டை அவளுக்கு மிகவும் பிடிக்கும். அன்று பாதியில் வைத்துவிட்டாள்.

"இந்த ஆலையின்ரை கதை உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"சாருக்குப் போனது மட்டும் தெரியும்."

"அது ஒரு துண்டு. கட்டினவன் ஜெர்மன் பண்ணையார். அந்த நாளிலை எங்கடை காணியெல்லாம் அவையளிட்டைத்தான். ஆண்டது சார். அண்டாவைக் கிண்டினது நாங்கள். இங்கிலாந்திலையிருந்து கப்பலிலை வந்த போர்ட்டரைத் தலைநகரத்திலை பெரியாக்கள் விரும்பிக் குடிச்சவை. அவ்வளவு தூரத்தாலை வாறதை இஞ்சையே காய்ச்சலாம் எண்டு பண்ணையார் தொடங்கினவன். பிறகு நாடு எங்கடை கைக்கு வந்துது. அப்பதான் முதல் தரமாய் லேபலிலை எங்கடை பாசையிலை எழுதினது. அது இருபது வருசம் போலை. பிறகு சோவியத், பிறகு யுத்தம், திரும்பவும் சோவியத்."

"யுத்தத்திலை ஆலைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஒரு பக்கம் எரிஞ்சு போச்சு. என்ரை அம்மா அப்ப சின்னப் பெட்டை. வேலையாக்கள் ஒருத்தரும் கூப்பிடாமல் வந்து, கருகின செங்கல்லைத் தட்டித் துடைச்சு அடுக்கினவை. அம்மா பாத்தவ. பிறகு அவவும் அங்கை போத்தல் அடைக்கிற இடத்திலை வேலைக்குப் போனவ."

பாதி அரன்சீனாவைத் தாளில் சுற்றிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"எண்பதுகளிலை குடியைக் குறைக்கவேணும் எண்டு மொஸ்கோவிலையிருந்து கட்டளை வந்துது. போர்ட்டரை நிப்பாட்டு எண்டினம். லெமனேட் செய்தம். பியரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் உயிருள்ள சாமான். தீனி இல்லாட்டி செத்துப்போம். ஆய்வுகூடத்திலை இருந்த பொம்பிளையள் அதுக்குத் தீனி குடுத்துக்கொண்டே இருந்தவை. ஆரும் சொல்லேல்லை. ஆரும் கேக்கவும் இல்லை. திரும்பக் காய்ச்சலாம் எண்டு வரேக்கை ஈஸ்ட் இருந்துது. அண்டா ஒண்டுதான், றெஜினா. கொடிதான் மாறி மாறிப் பறந்துது. கிண்டின ஆக்கள் கதைச்சது எப்பவும் எங்கடை பாசை."

"அப்ப நாளைக்கு அதைச் சொல்லுவம்," என்றேன்.

"ஏலாது. இப்ப விடுதலை வந்த பிறகு எங்கடை சனமே மினுங்கிற வெளிநாட்டு ரின் பியரைத்தான் வாங்குது. ஆலையை வாங்கின புது முதலாளிமார், போர்ட்டர் மாசக்கணக்கா இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்குது, நிப்பாட்டுவம் எண்டு சொல்லினம். பனி முடிய முதல் வெளிநாட்டிலையிருந்து ரெண்டாவது ஓடர் வந்தால்தான் தொடர்ந்து காய்ச்சலாம். கவலியேரே சொல்லுறமாதிரியே சொல்லுவம். ஐம்பது வருசம் அந்தப் பேரிலை இருந்தனாங்கள். இன்னும் ஒரு வருசம் இருக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "உன்னை இஞ்சை எந்த ஊர்க்காரி எண்டு சொல்லுவினம்?"

"இந்தியாக்காரி எண்டு."

"நீ திருத்துவியோ?"

"முந்தித் திருத்தினனான். இப்ப களைச்சுப்போனன்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை மனம் அதிலேயே நின்றது.

மறுநாள் பின்னேரம் கவலியேரேயின் பெரிய கடையில் கூடினோம். கரடிப் போஸ்டர் சுவரில் ஒட்டியாயிற்று. கடை நடத்துகிறவர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குவளை போர்ட்டர். சிஞ்ஞோரா தன் நல்ல உடுப்பில், காதில் முத்தோடு, முன்வரிசையில் இருந்தார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. களஞ்சியம் நிறையச் சரக்கு கிடந்தது.

கவலியேரே எழுந்து சில வார்த்தை பேசிவிட்டு, "இப்ப இந்த அம்மா, சக்கரவர்த்தியின்ரை பியரைப் பற்றிச் சொல்லுவா," என்று கையைக் காட்டினார்.

அவள் எழுந்தாள். அவள் ஒரு வாக்கியம் சொல்ல, நான் அதை இத்தாலியனில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வந்ததற்கு நன்றி என்றாள். சொன்னேன். பலெர்மோ அழகான ஊர் என்றாள். சொன்னேன். பிறகு, "இது ஒரு ரஷ்யப் பியர்," என்றாள்.

குரல் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள்.

எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. அதைச் சொல்ல எனக்கு இத்தாலியனில் மூன்று நான்கு சொல் போதும். சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். அவள் சொன்னதைத்தானே சொன்னேன். மாற்றிச் சொல்லவும் எனக்கு ஆங்கிலமும் இத்தாலியனும் இருந்தன. 'இது ஒரு எஸ்தோனியப் பியர்' என்று நான் சொல்லியிருந்தால் அவள் அந்த நேரத்தில் மறுத்துப் பேசியிருக்கவும் மாட்டாள். இரண்டையும் நான் செய்யவில்லை. ஆலை அவளுடையது, அம்மா அவளுடைய அம்மா, இழக்கப்போவதும் அவள். அவளுக்குப் பதிலாக நான் துணிவது சரியில்லை. அவள் நெருக்கடியில் சொன்ன சொல்லை நான் ஓடிப்போய் நிலைநிறுத்துவதும் சரியில்லை.

அவள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், எல்லோரும் கேட்கக்கூடியதாகவே கேட்டேன். "நான் இதைத்தான் சொல்லவேணுமோ? நீ இன்னொருக்கால் சொன்னால் அப்படியே சொல்லுறன்."

கவலியேரே, "என்ன? என்ன சொல்லுறா?" என்றார். சிஞ்ஞோராவின் கண் என்னைச் சுட்டது. நான் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கரடியைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நேற்றுப் பெட்டிக்கு மேலை இருந்துகொண்டு உனக்குச் சொன்னதைச் சொல்லு. முழுக்கச் சொல்லு."

சொன்னேன். பண்ணையாரிலிருந்து தொடங்கினேன். சாரின் தலைநகரத்தை மறைக்கவில்லை, அதுவும் கதைதான். எரிந்த செங்கல்லைச் சொன்னேன், லெமனேட் காலத்தைச் சொன்னேன், ஈஸ்டுக்குத் தீனி கொடுத்த பெண்களைச் சொன்னேன். என் இத்தாலியன் வழுக்கிய இடங்களில் அவள் கையால் காட்டினாள், செங்கல்லைத் தட்டுவதை, போத்தலை அடைப்பதை. மேசையில் இருந்தவர்கள் குடித்தபடியே கேட்டார்கள். ஒருவர், "அந்த ஈஸ்ட்தானோ இதுக்குள்ளை?" என்று கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். "அதுதான்," என்றாள் அவள், இத்தாலியனிலேயே.

கவலியேரேயும் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியை முடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கதை நல்ல கதை. என்ரை கடைக்கு நீளமாய்ப் போச்சு. எனக்குக் கரடி ஒண்டே காணும்." சிஞ்ஞோராவின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போய்விட்டார். ஓடரும் அவரோடு போயிற்று.

திரும்பும் வழியில் சிஞ்ஞோராதான் காரை ஓட்டினார். சமிக்ஞை விளக்கில் நின்றபோதுதான் கேட்டார்.

"நீ ஏன் திருப்பிக் கேட்டனி?"

"அவவின்ரை சொல்லை நான் காவிக்கொண்டு போறன், சிஞ்ஞோரா. என்னத்தைக் காவுறன் எண்டு தெரியவேணும்தானே."

"அப்ப களஞ்சியத்திலை கிடக்கிற பெட்டியளையும் நீயே காவி வித்து முடி," என்றார்.

கோபத்தில் சொன்னதுதான். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஊர் திரும்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. மறுநாள் காலையே இருவரும் ஆளுக்கொரு பையில் போத்தல்களோடு கபோச் சந்தைக்குள் இறங்கினோம்.

அங்கே ஒரு சந்தில் பெப்பே என்பவரின் சின்னச் சாப்பாட்டுக்கடை. ஆட்டுக்குடலைச் சுற்றிக் கரிநெருப்பில் வாட்டும் ஸ்திக்கியோலாவுக்காகத் தூரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கள் பியரைக் குடித்துவிட்டு, "கரிஞ்ச கோப்பி," என்றார்.

"உங்கடை குடலும்தானே கரியுது," என்றேன். "அதிலை ஒரு துண்டைச் சாப்பிட்டிட்டுத் திரும்பக் குடியுங்கோ."

சாப்பிட்டார், குடித்தார். இன்னொரு துண்டைச் சாப்பிட்டார். "எந்த நாடு?" என்று அவளைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அந்தப் பெயரை வாய்க்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். ஒரு எழுத்து பிழை. அவள் சோக்கட்டியை வாங்கித் திருத்தினாள். இரண்டு பெட்டி எடுத்தார். அந்தக் கிழமைக்குள் திரும்பவும் ஆள் அனுப்பினார்.

கபோவில் இருக்கிற எல்லாரும் பெப்பே அல்ல. வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். ஆனால் நான் எதிர்பாராத பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கவலியேரேயின் மேசையில் கண்ணாடியைத் தூக்கிக் காட்டி ஈஸ்டைப் பற்றிக் கேட்ட மனிதர், தனியாகக் கடை தொடங்கப்போவதாகக் களஞ்சியத்துக்குப் போன் எடுத்தார். பியர் வேண்டும் என்றார். "கதையை இன்னொருக்கால் சொல்லித் தாங்கோ. எனக்குப் பாதிதான் ஞாபகம்," என்றார். அறையில் ஒருவர் இல்லை என்று சொன்னால், கேட்ட மற்றவர்கள் எல்லோரும் இல்லை என்று சொன்னதாக எண்ணிவிடாதீர்கள்.

டிசம்பர் வந்து நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போதும் சரக்கில் பாதிக்கு மேல் களஞ்சியத்தில்தான் இருந்தது. அந்தப் பெண் தன் ஊரிலிருந்து எடுத்த போனில் இரண்டாவது ஓடரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நின்றோம். எங்கள் பெண்கள் அநேகம் பேர் லிபெர்த்தாவில் வீட்டுவேலை. தங்கள் தங்கள் சிஞ்ஞோராமாருக்கு நத்தாருக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு. எல்லோரும் பனெத்தோனே கேக்தான் கொடுக்கிறார்கள், அந்த வீடுகளில் அது அடுக்கடுக்காகக் கிடக்கிறது. நான் பியர் வேலைக்குப் போனதைப் பற்றி முதலில் வாய் திறந்த திரேசம்மா அக்காவும் அங்கே நின்றார். நான் சொன்னேன்.

"அக்கா, கறுப்புப் பியர் இருக்கு. வடிவான போத்தல். அதைக் குடுத்துப் பாருங்கோவன்."

"பியரோ? பூசை வைக்கிற சுவாமி கேட்டால் என்ன சொல்லுறது?"

"சுவாமிக்கு நான் ஏற்கெனவே ஒண்டு குடுத்திட்டன்."

அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "எந்த நாட்டுச் சாமான்?"

"எஸ்தோனியா."

"அது எங்கை கிடக்குது?"

"ரஷ்யாவுக்குப் பக்கத்திலை. சின்ன நாடு. பெரிய ஆக்கள் மாறி மாறி வந்து ஆண்டவை. அந்தச் சனம் தங்கடை பாசையை விடேல்லை. பியரையும் விடேல்லை."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "என்ரை சிஞ்ஞோரா கேட்டால் இதைத்தான் சொல்லவேணுமோ? ஆறுதலாய்ச் சொல்லு. மனசிலை வைக்கவேணும்."

மண்டபத்தில் நின்றபடியே இத்தாலியனில் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு என் கணவர், கோயிலில் சனம் கதைக்கும் என்று சொன்ன அதே மனிதர், பெட்டிகளைத் தோளில் தூக்கி மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்.

அந்த நத்தாருக்கு லிபெர்த்தாவின் எத்தனையோ சாப்பாட்டு மேசைகளில் எங்கள் போர்ட்டர் இருந்தது. எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொன்னவர்கள், அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து, மன்னார், தீவுப் பெண்கள். புதுவருடம் பிறந்ததும் லிபெர்த்தா வைன்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் களஞ்சியத்துக்குப் போன் எடுத்தார்கள். தங்களிடம் வருகிற சிஞ்ஞோராமார் ஒரு கறுப்புப் பியரைக் கேட்கிறார்களாம், பெயர் சொல்லத் தெரியவில்லையாம், செங்கல்லைத் துடைத்துக் கட்டிய ஆட்களின் பியராம்.

பனிக்காலம் முடிந்து தவக்காலம் தொடங்குவதற்கு முன் களஞ்சியத்தில் போர்ட்டர் கிடந்த மூலை வெறுந்தரையாகிவிட்டது. சிஞ்ஞோரா அங்கே போய் நின்று பார்த்தார். மேசைக்கு வந்து, "ஃபாக்ஸ் எழுது," என்றார். இன்னொரு கொண்டெயினருக்கு எழுதினேன்.

கவலியேரே எங்களிடம் போர்ட்டர் வாங்கவே இல்லை. அவருடைய கடைகளில் வேறெங்கிருந்தோ வந்த ஒரு பியரைக் கரடிப் போஸ்டருக்குக் கீழே விற்றார். நன்றாகவே விற்றார் என்று கேள்வி. உண்மை சொன்னால்தான் விற்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன், கரடியும் விற்கும். ஆனால் எங்கள் கதையை எங்கள் வாயால் சொல்லி விற்றோம். அந்தப் பெருமையை வேறு எந்த விற்பனையும் எனக்குத் தந்ததில்லை.

ஃபாக்ஸ் போய்ச் சில கிழமைகள் கழித்து, ஒரு முற்பகலில் போன் அடித்தது. அவள்தான். சுற்றிவரச் சத்தமாக இருந்தது.

"அண்டாக்குப் பக்கத்திலை நிக்கிறன்," என்றாள். "போர்ட்டர் காய்ச்சுறம். கொஞ்சம் பொறு." பிறகு தொலைபேசியை எங்கேயோ நீட்டிப் பிடித்தாள் போலிருக்கிறது. தகரக் கூரையில் அடைமழை விழுவதுபோல ஒரு கொதிப்பு காதில் நிறைந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதைச் சிஞ்ஞோரா கண்டுவிட்டு, என்னவோ ஏதோ என்று எழுந்து வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். காதில் வைத்தார். அவரும் நெடுநேரம் கேட்டார்.

"பாஸ்தாவுக்கு வைச்ச தண்ணி மாதிரிக் கேக்குது," என்றார். பிறகு தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்து, "ஒண்டு காணாது, ரெண்டு கொண்டெயினர் அனுப்பச் சொல்லு," என்றார்.

சொன்னேன். அவள் உடனே தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பி, அண்டாவைச் சுற்றி நின்றவர்களிடம் தன் பாசையில் உரத்து ஏதோ சொன்னாள். பல குரல்கள் பதில் சொல்லின. அவ்வளவு பேச்சிலும் எனக்கு விளங்கியது ஒரு சொல் மட்டும். பலெர்மோ.